அணை நிற்பது எங்ஙனம்?

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற 45 மதகுகளுள் ஒன்பது மதகுகள், தம் தூண்களோடும் மேற்பாலத்தோடும் சரிந்து ஆற்றில் வீழ்ந்தன. அதற்குச் சில நாட்கள் முன்னர், அதே கொள்ளிடத்தில், திருவானைக்காவலையும் முதல் எண் சுங்கச்சாவடியையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து, அவற்றின்மேல் கிடந்த இரும்புச் சட்டங்களும் நீரில் விழுந்தன. மேலணை 1836இல் கட்டத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும் கண்டது. பாலமோ 1928ஆம் ஆண்டுக் கட்டடம். இவ்வளவு காலம் நின்றவை ஏன் வீழ்ந்தன என்று வினவினால், "பழசாகிவிட்டது, கல் உளுத்துவிட்டது" என்பதே நம்மவர் பலரும் கூறும் விடை. பழமைக்கும் இதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கல்கூட உடையாமலேயே சுவர் விழக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். கட்டடம் உடைவது ஒன்று. கட்டடம் கவிழ்வது வேறொன்று. பின்னதைப் பற்றியதே இப்பாடம். காவிரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடுவோர்க்கும், உறையூரிலும் மணமேட்டிலும் தறியில் அமர்வோர்க்கும் இது புத்தகத்தோடு நின்றுவிடும் படிப்பன்று.

ஒரு பொருள் அசையாமல் இருக்குமாயின் அதன்மீது விசை எதுவும் செயற்படவில்லை என்று எண்ணுகிறோம். இது பிழை. பாவு பூட்டிய தறியைப் பாருங்கள். நெய்பவர் எழுந்து உணவருந்தச் சென்றுவிட்ட பின்னரும் பாவு விறைப்பாகவே நிற்கிறது. முன்னே உள்ள மரம் ஒரு பக்கமும், பின்னே கட்டிய கயிறு மறுபக்கமும் அதனை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டு இழுப்பும் சமமாக இருப்பதால் பாவு எப்பக்கமும் நகரவில்லை. அசைவின்மை என்பது விசையின்மை அன்று. விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்பதே அசைவின்மை. இதனையே பொறியியலார் நிலைச்சமநிலை என்பர்.

எல்லா விசைகளும் ஈடாகிவிட்டால் போதுமா? போதாது. வாழைத்தார் தூக்குவோர் இதனைத் தோளினால் அறிவர். இரண்டு மீட்டர் நீளமுள்ள மூங்கிலின் ஒரு முனையில் 30 கிலோ, மறுமுனையில் 20 கிலோ தொங்குகின்றன என்று கொள்வோம். தோள் 50 கிலோவைத் தாங்கியே தீரவேண்டும். தோளை எங்கே வைத்தாலும் அந்த 50 மாறாது. ஆனால் நடுவில் வைத்தால் மூங்கில் 30 கிலோவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கனத்த முனையிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளித் தோளை வைத்தால் மட்டுமே அது மட்டமாக நிற்கும். ஒரு பக்கம் 30 பெருக்கல் 0.8, மறுபக்கம் 20 பெருக்கல் 1.2. இரண்டும் 24. விசையை அது செயற்படும் தூரத்தால் பெருக்கிவரும் இந்த எண்ணுக்குத் திருப்புத்திறன் என்று பெயர். தூரத்தை மீட்டரிலும் எடையைக் கிலோவிலும் கொண்டால் இது 24 மீட்டர்-கிலோ. இந்த நெம்புகோல் விதியைக் கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீசு என்ற கிரேக்க அறிஞர் கணக்காக நிறுவினார். ஏற்றம் இறைத்த நம் முன்னோர் அதனைக் கணக்கின்றியே கையாண்டனர். ஏற்ற மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்தது வேறெதற்கு? தம் எடையை மாற்ற இயலாது. தூரத்தை மாற்றலாம் அல்லவா?

ஆகவே ஒரு விறைப்பான பொருள், அதாவது வளையாமலும் நசுங்காமலும் இருப்பதாக நாம் கொள்ளும் பொருள், நிலையாக நிற்பதற்கு மூன்று ஈடுகள் வேண்டும். மேல்நோக்கிய விசைகள் கீழ்நோக்கிய விசைகளுக்கு ஈடாதல்; இடப்பக்க விசைகள் வலப்பக்க விசைகளுக்கு ஈடாதல்; எந்தப் புள்ளியை ஆதாரமாகக் கொண்டு பார்த்தாலும் வலஞ்சுழித் திருப்புத்திறன் இடஞ்சுழித் திருப்புத்திறனுக்கு ஈடாதல். ஒரே தளத்தில் அடங்கும் விசைகளுக்கு இம்மூன்று சமன்பாடுகளே போதும். முதலிரண்டும் பொருள் நகராமல் காக்கின்றன. மூன்றாவது அது கவிழாமல் காக்கிறது. மனிதர் பெரும்பாலும் முதலிரண்டை நினைத்து மூன்றாவதை மறப்பர். விபத்து அந்த மறதியின் வழியே வருகிறது.

இங்கே சங்கத்துக்குப் பயன்படும் ஒரு சிறு குறிப்பையும் சொல்லிவிடலாம். நூலோ விளைபொருளோ நிறுக்கும் தட்டுத் தராசின் இரு கைகளும் நீளத்தில் சமமாக இருப்பதாக நம்பித்தான் நாம் எடைபோடுகிறோம். ஒரு கை 50 சென்டிமீட்டரும் மற்றது 49ம் ஆக இருந்தால், வெறுந்தட்டோடு முள் நேராக நிற்கும்படி அதனைச் சரிசெய்து வைத்துவிடலாம். ஆனால் 10 கிலோ நூல் ஒரு தட்டில் வைத்தால் 9 கிலோ 800 கிராமாகவும், மற்றத் தட்டில் வைத்தால் 10 கிலோ 204 கிராமாகவும் காட்டும். ஐயம் தோன்றினால் சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி மறுமுறை நிறுத்துப் பார்ப்பதே எளிய சோதனை. இரு முறையும் ஒரே எடை வந்தால் கைகள் சமம்.

இனி நட்டு நிற்கும் பொருள்களுக்கு வருவோம். குழித்தறியில் பாவை இழுத்துக் கட்டுவதற்குத் தரையில் முளை அடிக்கிறோம். கயிறு முளையின் தலையை முன்னோக்கி இழுக்கிறது. முளை ஏன் சாய்வதில்லை? மண்ணுக்குள் புதைந்த பகுதியின் மேற்பாதியை முன்புறத்து மண் பின்னோக்கித் தள்ளுகிறது. அடிமுனையைப் பின்புறத்து மண் முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து கயிற்றின் திருப்புத்திறனுக்கு ஈடு கொடுக்கின்றன. கயிற்றைத் தலையில் கட்டாமல் தரையை ஒட்டிக் கட்டினால் அதே முளை இன்னும் பெரிய இழுப்பையும் தாங்கும், தூரம் குறைந்துவிட்டது. மாறாக, முளையைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால், இழுப்பு சிறிதும் மிகாமலேயே முளை சாயும். கயிற்றுக்கும் மண்ணுக்கும் இடைத்தூரம் கூடியது. பிடித்திருந்த மண்ணும் குறைந்தது. இந்தத் தோண்டிய முளையை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துக. ஆற்றுக்குப் போகும்போது இது மீண்டும் வேண்டியிருக்கும்.

புதைக்காமல் தரைமேல் வெறுமனே நிற்கும் பொருளின் செய்தி வேறு. அதன் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டு செயற்படுவதாகக் கொள்ளலாம். அப்புள்ளியே ஈர்ப்பு மையம். அங்கிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் பொருளின் அடிப்பரப்புக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். உயரப் போர் ஏற்றிய வைக்கோல் வண்டி வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் இறங்கினாலே குடைசாய்வது இதனால்தான். அதே எடை நெல் மூட்டையாகத் தாழ ஏற்றியிருந்தால் சாயாது. திருவரங்கத்து இராசகோபுரம் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு 1987இல் நிறைவுற்றது. அத்துணை உயரத்துக்கும் அது அகன்ற கல் அடித்தளத்தின்மேல் மேலே செல்லச் செல்ல ஒடுங்கிச் செல்கிறது. கனம் கீழே, ஒடுக்கம் மேலே. கோபுரத்தின் வடிவிலேயே இக்கணக்கு அடங்கியிருக்கிறது. கோபுரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவது காற்று மட்டுமே. அணையின் வாழ்வோ அப்படிப்பட்டதன்று. அதனை ஆறு அல்லும் பகலும் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தள்ளுதல் எவ்வளவு? ஆழம் மிக மிக நீரின் அழுத்தமும் அதே அளவில் மிகும் என்பதை 1586இல் ஸ்டெவின் என்ற நெதர்லாந்து அறிஞர் விளக்கினார். ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. மூன்று மீட்டர் ஆழத்தில் 3,000 கிலோ. பயிற்சிக்காக ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். இவை மேலணையின் அளவுகள் அல்ல. கணக்கு எளிதாக வருவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. சுவரின் உயரம் 3 மீட்டர், அடி அகலம் 2 மீட்டர். தலைப்பக்கத்தில் நீர் சுவரின் உச்சிவரை நிற்கிறது. வால்பக்கத்தில் நீர் இல்லை. சுவரின் நீளத்தில் ஒரு மீட்டரை மட்டும் வெட்டியெடுத்துப் பார்ப்போம்.

நீரின் அழுத்தம் மேலே சுழி, அடியில் 3,000. ஆகவே சராசரி 1,500. அதனை 3 சதுர மீட்டர் பரப்பால் பெருக்கினால் தள்ளுவிசை 4,500 கிலோ. அடிப்பக்கத்தில் அழுத்தம் மிகுதியாதலால் இந்த விசை நடுவில் அல்லாமல் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1 மீட்டர் உயரத்தில், செயற்படுகிறது. சுவர் கவிழ்ந்தால் வால்பக்கத்து அடி விளிம்பைச் சுற்றித்தான் கவிழும். அவ்விளிம்பைப் பொறுத்துக் கவிழ்க்கும் திறன் 4,500 மீட்டர்-கிலோ. கவிழாமல் தடுப்பது சுவரின் எடை. கன மீட்டருக்கு 2,400 கிலோ வீதம் 6 கன மீட்டர் கட்டடம் 14,400 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் விளிம்பிலிருந்து 1 மீட்டர் உள்ளே. தடுக்கும் திறன் 14,400. மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு இருக்கிறது. இவ்வளவோடு கணக்கை மூடிவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்று தோன்றும்.

சுவர் பாறைமேல் நின்றால் ஒருவாறு உறங்கலாம். மணல்மேல் நிற்கும் சுவருக்கு அந்தப் பேறு இல்லை. தலைப்பக்கத்து நீர் மணலுக்குள் புகுந்து, சுவரின் அடியில் ஊர்ந்து, வால்பக்கத்தில் கசிகிறது. ஊரும் வழியெல்லாம் அது சுவரை மேல்நோக்கித் தூக்குகிறது. தலை விளிம்பில் இத்தூக்கல் சதுர மீட்டருக்கு 3,000 கிலோ. வால் விளிம்பில் சுழி. சராசரி 1,500, பரப்பு 2 சதுர மீட்டர், மொத்தத் தூக்கல் 3,000 கிலோ. இது தலைப்பக்கம் மிகுந்திருப்பதால் வால் விளிம்பிலிருந்து 1.33 மீட்டர் தூரத்தில் செயற்படுகிறது. அதன் திருப்புத்திறன் 4,000. இதுவும் கவிழ்க்கும் பக்கமே சேரும். இப்பொழுது கவிழ்ப்பது 8,500, தடுப்பது 14,400. சுவர் இன்னமும் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீர், கண்ணுக்குத் தெரியும் நீருக்கு ஏறத்தாழ ஒப்பான வேலையைச் செய்கிறது என்பதை மட்டும் கவனிக்க.

மூன்றாம் சமன்பாட்டைக் கொண்டு இன்னொன்றையும் காணலாம். எடையில் தூக்கலைக் கழித்தால் தரை தாங்கவேண்டியது 11,400 கிலோ. திருப்புத்திறனில் மிஞ்சுவது 5,900. இதனை அதனால் வகுத்தால் 0.52. அதாவது, தரையின் தாங்கும் விசை முழுவதும் வால் விளிம்பிலிருந்து 52 சென்டிமீட்டர் உள்ளே திரண்டு செயற்படுகிறது. நீர் தள்ளத் தள்ள சுவரின் பாரம் நடுவைவிட்டு வால்பக்கம் நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் படுகை மண்ணே சுவரைப் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது.

அந்த மண்ணை ஆறு அரித்தால் என்ன நேரும்? மதகின் வழியே குதித்து விழும் நீர் வால்பக்கத்தில் குழி பறிக்கும். குழி மெல்லச் சுவரின் அடிக்குள் நுழையும். அரை மீட்டர் மண் போயிற்று என்று கொள்வோம். கவிழும் விளிம்பு இப்பொழுது அரை மீட்டர் உள்ளே வந்துவிட்டது. எடையின் தூரம் அரை மீட்டர். தடுக்கும் திறன் 7,200. தூக்கலின் தூரம் 0.83 மீட்டர், அதன் திறன் 2,500, நீரின் தள்ளலோடு சேர்த்துக் கவிழ்ப்பது 7,000. சுவர் நூலிழையில் நிற்கிறது. இன்னும் பத்தே சென்டிமீட்டர் மண் போகட்டும். தடுப்பது 5,760 ஆகக் குறையும், கவிழ்ப்பது 6,700. சுவர் கவிழும். ஒரு கல்லும் உடையவில்லை. நீர்மட்டம் ஓர் அங்குலமும் ஏறவில்லை. மெய்யான ஆற்றில் இவ்வளவு தூரம்கூடச் செல்லாது. பாரமெல்லாம் ஒரு விளிம்பில் குவியும்போது மணல் நசுங்கி முன்னதாகவே இடங்கொடுத்துவிடும்.

வெள்ளத்தின் உச்சத்தில் நின்ற கட்டடம் வெள்ளம் தணியும்போது விழுவதன் காரணமும் இதில் அடங்கும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு இலட்சம் கன அடியைத் தாண்டி நீர் திறக்கப்பட்ட நாட்களை மேலணை கடந்துவிட்டது. மதகுகள் வீழ்ந்தது உச்சம் தணிந்த பின்னரே. பெருவெள்ளத்தில் வால்பக்கத்திலும் நீர் உயர நின்று, தலைப்பக்கத்துத் தள்ளலை ஓரளவு திருப்பித் தள்ளுகிறது. வெள்ளம் வடியும்போது வால்பக்கத்து நீர் இறங்கிவிட, தலைப்பக்கத்து நீரை மதகுகள் பிடித்து நிறுத்துகின்றன. மட்டங்களின் வேறுபாடு மிகுகிறது. வெள்ளம் அரித்த குழியோ அப்படியே இருக்கிறது.

பாலத் தூண்களின் செய்தி நாம் முன்னர் கண்ட தோண்டிய முளையின் செய்தியே. ஆற்றின் ஓட்டம் தூணைத் தள்ளுகிறது. புதைந்த பகுதியை மண் பிடித்து நிற்கிறது. தூணைச் சுற்றிச் சுழலும் நீர் மண்ணைத் தோண்டினால், தள்ளும் தூரம் நீள்கிறது, பிடிக்கும் ஆழம் குறைகிறது. 2024 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்தில் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்ததும் இவ்வகையே. படுகையில் அளவின்றி மணல் அள்ளுவது ஆற்றின் தரையையே தாழ்த்துவதாகும். வெள்ளம் ஓர் இரவில் செய்வதை அது பல்லாண்டுகளில் செய்கிறது. வீடு கட்ட மணல் வேண்டும் என்பது மெய். ஆயினும் அணைக்கும் பாலத்துக்கும் அண்மையில் அள்ளும் ஒவ்வொரு வண்டி மணலும் யாரோ ஒருவருடைய பாசனத்தின் திருப்புத்திறனிலிருந்து கழிக்கப்படுகிறது என்பது என் கருத்து.

மணல்மேல் அணை கட்டுவதே தவறு என்று இதனால் கொள்ளவேண்டா. மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்ப்போர்க்கு இவ்வட்டாரத்தின் அமைப்பு விளங்கும்: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இடையே திருவரங்கத் தீவு. மேற்கே முக்கொம்பில் பிரியும் இரண்டும் கிழக்கே கல்லணை அருகே மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆகவே பிரியுமிடத்தில் நீர் அதன் பக்கமே மிகுதியாக ஓடியது. காவிரியோ மணல் மேடிட்டு, தஞ்சைப் பாசனம் தளர்ந்தது. இதனைத் திருத்தவே ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றதாக அவர் கூறியுள்ளார். கரிகாலன் பெயரோடு வழங்கும் அந்தப் பழைய அணை ஏறத்தாழ 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம் எனக் குறிப்பர். அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! நம் பயிற்சிச் சுவரோ அகலத்தில் உயரத்தைவிடக் குறைந்தது. பெருங்கற்கள் மணலில் அமிழ அமிழ அவற்றின்மேல் மேலும் கற்களை இட்டு நிலைபெறச் செய்த அமைப்பு அது. அடியிலே சிறிது அரித்தாலும் கற்கள் இறங்கி அமருமேயன்றி முழுச் சுவராகக் கவிழ்வதற்கு அங்கே இடமில்லை. விறைப்பான சுவருக்குள்ள ஆபத்து அந்தக் கற்குவைக்கு இல்லை என்று சொல்லலாம்.

பிற்காலப் பொறியியலார் வேறு வழிகளைக் கைக்கொண்டனர். தூண்களுக்கு மணலில் கிணறு இறக்கி, அரிப்பு எட்டாத ஆழத்தில் அடித்தளம் அமைத்தல் ஒன்று. தலைப்பக்கத்தில் ஆழ்ந்த தடுப்புச் சுவரை இறக்கி, அடியில் ஊரும் நீரின் வழியை நீளமாக்கித் தூக்கலைக் குறைத்தல் மற்றொன்று. வால்பக்கத்துப் படுகையில் பெருங்கற்றளம் பரப்பி, குதிக்கும் நீரின் வேகத்தை அதன்மேல் அடங்கச் செய்தல் பிறிதொன்று. முக்கொம்பில் 2018இன் உடைப்பைப் பாறைகளும் மணல் மூட்டைகளும் இட்டு அடைத்தனர். பின்னர் ஏறத்தாழ 387 கோடி ரூபாய்ச் செலவில் புதிய கதவணை எழுந்தது.

இத்துணைப் பெரிய கட்டடங்களைக் காப்பது அரசின் பொதுப்பணி. நம் கையில் உள்ளவை வாய்க்கால் மதகுகளும், கரைச்சுவர்களும், கிணற்றுச் சுற்றுச்சுவர்களும், சங்கக் கிட்டங்கியின் மதிலும் ஆகும். அளவில் சிறியவையாயினும் கணக்கு அதுவே. மதகைப் பார்வையிடச் செல்வோர் சுவரின் பூச்சையும் வெடிப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். வெள்ளம் வடிந்தவுடன் வால்பக்கத்தில் இறங்கி, ஒரு கம்பால் சுவரின் அடியைக் குத்திப் பார்ப்பது அதனினும் பயனுடையது. கம்பு சுவருக்கு அடியில் நுழையுமாயின் அன்றே கல் இட்டு நிரப்புக. மண்ணைத் தாங்கும் சுவர்களில் நீர் வடியும் துளைகள் விட்டிருப்பர். அழகுக்காக அவற்றை அடைத்துவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. துளை அடைந்தால் மழைநீர் பின்னே தேங்கி, மண்ணின் தள்ளலோடு நீரின் தள்ளலும் சேர்ந்துகொள்ளும். சுவரின் அடிப்பக்கத்தில் நீர் தெளிவாகக் கசிவது இயல்பு. கலங்கலாகக் கசிந்தால் அது மண்ணைச் சுமந்து வருகிறது என்று அறிக. அதனை மறுநாளைக்கு ஒத்திவைத்தல் ஆகாது.

படிப்பு வட்டங்களில் செய்து பார்க்க ஒரு கணக்கு: மேற்சொன்ன சுவரின் உயரத்தையும் நீர்மட்டத்தையும் மாற்றாமல் அடி அகலத்தை மட்டும் 2 மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டராக்குக. எடை, தூக்கல், அவற்றின் தூரங்கள் ஆகியவற்றைப் புதிதாகக் கண்டு, சுவர் கவிழுமுன் வால்பக்கத்தில் எவ்வளவு மண் அரிபடலாம் எனக் கணக்கிடுக. விடை: ஏறத்தாழ 82 சென்டிமீட்டர்.